பழைய பார்ட்டைக் கேட்டவர்

உங்கள் ஜீப்பில் ஏறும்போதே சொல்ல நினைத்தேன், மேடம். சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பாமல் ஒரு தடவை முனகிவிட்டுத்தான் கிளம்புகிறது. பாட்டரியை மாற்றச் சொல்லி யாராவது பில் கொடுத்தால் நம்பாதீர்கள். எர்த் வயரின் நுனி துருப்பிடித்திருக்கும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்து இறுக்கினால் போதும். முன் அறையில் உட்கார்ந்திருக்கிறாளே என் பெண் லாவண்யா, அவளிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வாள். அவள் காது என் காதைவிடக் கூர்மை.

அவள் உங்களிடம் சொன்னது எல்லாம் உண்மை. நான் எதையும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது வண்டியின் கோளாறு மட்டும்தான். மற்றதை நான்தான் சொல்ல வேண்டும். நிதானமாகவே சொல்கிறேன், எழுதுகிறவர் அவசரப்பட வேண்டாம்.

என் பெயர் நல்லசிவம். தென்காசிப் பக்கம். சென்னைக்கு வந்து கே.கே. நகரில் மெக்கானிக் ஷெட் போட்டேன். லாவண்யா பிறந்த வருஷம்தான் போர்டு மாட்டினேன், லாவண்யா ஆட்டோ ஒர்க்ஸ் என்று. வீட்டுக்கு ஒரே பெண், பெயரை வைத்தோம், அவ்வளவுதான். ஆனால் அவள் வளர்ந்து, ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்து, ஒருநாள் பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்து நின்றாள். சிரித்தவர்கள் நிறையப் பேர். மேடம், நீங்கள் முதல்முதலாகக் காக்கி போட்டபோதும் நாலு பேர் சிரித்திருப்பார்கள், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொஞ்ச நாளில் அவர்களே "பாப்பா இருக்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை உள்ளே விட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

அந்தச் சமயத்தில்தான் பரத்வாஜ் வந்தார். மயிலாப்பூர்க்காரர், ஓய்வுபெற்ற ஆடிட்டர். வெயிலில் கொஞ்ச தூரம் போனால் வண்டி சிக்னலில் பொசுக்கென்று அணைந்துபோகிறது, அரைமணி நேரம் நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது என்றார். போன இடத்தில் எல்லாம் வண்டி சமர்த்தாக ஓடிக் காட்டியதால் ஒருவருக்கும் பிடிபடவில்லை. லாவண்யா வீட்டிலிருந்து தன் ஹேர் டிரையரைக் கொண்டுவந்தாள். ஓடிக்கொண்டிருந்த இன்ஜினில் ஓர் இடமாகப் பார்த்துச் சூடு காட்டினாள். வண்டி அணைந்தது. கிராங்க் சென்சார்.

உங்களுக்கு இது புரிந்தால்தான் மற்றது புரியும். இன்ஜினின் நடுத்தண்டு இருக்கிறதே, அதுதான் கிராங்க். அதோடு சேர்ந்து ஒரு பல்சக்கரம் சுற்றும். வரிசையாகப் பற்கள் இருக்கும், ஓரிடத்தில் மட்டும் வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். அதை ஒட்டி, தொட்டும் தொடாமலும் இந்தச் சென்சார் உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு மின்துடிப்பு போகும். பல் இல்லாத இடம் வந்ததும் ஒரு கணம் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருப்பதை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே நிற்கிறது, எந்தப் பிளக்குக்கு எப்போது நெருப்பு கொடுக்க வேண்டும் என்று வண்டியின் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. சென்சார் பேசுவதை நிறுத்திவிட்டால் கம்ப்யூட்டருக்குக் கண் தெரியாது. நெருப்பையும் நிறுத்திவிடும். சுருள் பழசாகி உள்ளே விட்டுப்போயிருந்தால், சூடு ஏறும்போது தொடர்பு அறும், ஆறினால் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

இதையே லாவண்யா அவருக்கு எப்படிச் சொன்னாள் தெரியுமா?

"சார், நீங்க கச்சேரிக்குப் போறவர்தானே? தாளம் போடும்போது எல்லாத் தட்டும் ஒரே மாதிரி இருந்தா ஆரம்பம் எதுன்னு எப்படித் தெரியும்? நடுவுல கையைத் திருப்புறீங்கல்ல, அந்த மாதிரிதான் இந்த விட்டுப்போன பல்லு. அதை வெச்சுத்தான் வண்டி தன் இடத்தைப் புடிக்குது."

"பலே, பலே," என்றார் பரத்வாஜ். "வீச்சை வெச்சுண்டு விளக்கிட்டியேம்மா. எனக்கும் ஸஹானான்னு ஒரு பொண்ணு இருக்கா, உன் வயசுதான். அவகிட்ட சொல்றேன்."

அன்று எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. அதை மறைக்கவில்லை.

புதுச் சென்சார் போட்டாயிற்று. கிளம்பும்போது கழற்றிய பழைய பார்ட்டைக் கேட்டார். இது சென்னையில் எல்லா ஷெட்டிலும் நடப்பதுதான். புதுசு போட்டோம் என்று நாங்கள் சொல்வதை வாடிக்கைக்காரர் நம்புவதற்கு, பழையதை அவர் கையில் கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வார்கள் என்றால் ஒன்றும் செய்யமாட்டார்கள். டிக்கியில் கிடக்கும். லாவண்யா வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்து, கழற்றியதை எல்லாம் போடும் தகர டப்பாவில் மேலாகக் கிடந்ததை எடுத்துக் கொடுத்தாள். அவர் வண்டியை எடுக்க வருவதற்குள் இன்னொரு வண்டிக்கும் கிராங்க் சென்சார் மாற்றியிருந்தாள். எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்புப் பிளாஸ்டிக், வால் மாதிரி ஒரு வயர். அவள் எடுத்துக் கொடுத்தது அந்த இன்னொரு வண்டியுடையது. அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

ஆடிட்டர் அல்லவா, அதை ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் காட்டி விசாரித்திருக்கிறார். உங்கள் வண்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று கடைக்காரன் சொல்லிவிட்டான். மறுநாள் நான் கிண்டி எஸ்டேட்டுக்குப் போயிருந்த நேரம், கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி ஷெட்டுக்குள் வந்தார். எதிர்க்கடை ஜைத் ஓடிவந்து எனக்குப் போன் போட்டான்.

"நைனா, எங்க கீற? எவனோ ஒரு சாரு நம்ம லாவண்யாவ நிக்கவெச்சு வீடியோ எடுத்துக்கினு கீறாரு. சீக்கிரம் வா."

நான் வருவதற்குள் அவர் போய்விட்டார். வீடியோவை நான் பிறகுதான் பார்த்தேன். இப்போதும் கண்ணை மூடினால் முழுசாக ஓடும். "பாருங்கோ, இது என் வண்டி பார்ட்டே இல்லை. புதுசு போட்டேன்னு வாய் கூசாம பொய் சொல்லியிருக்கா இந்தப் பொண்ணு. பொம்மனாட்டி கையில வண்டியைக் குடுத்தேன் பாருங்கோ, என்னைச் சொல்லணும்." அதற்கு லாவண்யா, "சார், ஒரு நிமிஷம் சார், டப்பால தேடித் தர்றேன்," என்கிறாள். அங்கே வீடியோ முடிந்துவிடும். தேடுவதற்கு அவர் அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுக்கவில்லை.

மயிலாப்பூர் குரூப்பில் போட்டது, கே.கே. நகருக்கு வர இரண்டு நாள்கூட ஆகவில்லை. கீழே எழுதியவர்களை நான் ஒவ்வொருவராகப் படித்தேன். கரண்டி பிடிக்க வேண்டிய கை ஸ்பேனர் பிடித்தால் இப்படித்தான் என்று ஒருவர். மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிறதே என்று ஒருவர். சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் கணக்கில்லை. அவர்களில் பாதிப் பேர் எங்கள் ஷெட்டுக்கு வந்து போனவர்கள்.

அன்று சாயங்காலமே டப்பாவைத் தரையில் கொட்டித் தேடினோம். சரியான பழைய பார்ட் அடியில் கிடந்தது. லாவண்யா அதை எடுத்துத் துடைத்தாள். பரத்வாஜுக்குப் போன் செய்தாள், அவர் எடுக்கவில்லை. அதை மேஜை டிராயரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அப்புறம் அவள் ஷெட்டுக்கு வரவில்லை. நான் கூப்பிட்டேன், என் மனைவி தங்கம் கூப்பிட்டாள், ஜைத் வீட்டுக்கே வந்து கூப்பிட்டான். வரவில்லை.

இப்போது தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு வரவேண்டும் என்று கடையில் சட்டம். முதல்நாள் அவள் அதைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன், மேடம். நகக்கண்ணில் இருந்த கிரீஸை ஊசி வைத்து நோண்டி எடுத்துவிட்டு, அதன் மேல் சிவப்பு. அதற்கு முன்னால் இருந்தது வருத்தம். அதற்கப்புறம் வந்ததற்கு வேறு பெயர்.

வருஷம் ஒன்று ஓடியது. நான் பரத்வாஜைத் தேடிப் போகவில்லை. அவராகத்தான் ஷெட்டுக்கு வந்தார், ஆட்டோவில், கையில் ஸ்வீட் பாக்ஸோடு. வண்டியைக் கம்பெனி சர்வீஸில் செக்கப்புக்குக் காட்டியிருக்கிறார். கிராங்க் சென்சார் ஒரிஜினல், போட்டு ஒரு வருஷம்தான் இருக்கும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

"நான் அவசரப்பட்டுட்டேன் நல்லசிவம். அந்தக் கொழந்தை உண்மையைத்தான் சொல்லியிருக்கா. ஸஹானாதான் என்னைப் பிடிபிடின்னு பிடிச்சுண்டா. நீ போய் நேரே மன்னிப்புக் கேட்டுட்டு வந்தாத்தான் உன்னோட பேசுவேன்னுட்டா. லாவண்யா எங்கே?"

"அவ இப்ப வர்றதில்ல சார்."

"அடடா. உண்மை தெரிஞ்ச அன்னிக்கே வீடியோவை அழிச்சுட்டேனே."

அவர் தன் போனில் மட்டும் அழித்திருப்பார். நான் அதைச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டேன். "அதே குரூப்ல, அதே மாதிரி ஒரு வீடியோ போடுவீங்களா சார்? பொண்ணு மேல தப்பில்லன்னு?"

அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எல்லாரும் மறந்துட்டா நல்லசிவம். மறுபடியும் எதுக்குக் கிளறணும்? நான் வேணா ஒண்ணு பண்றேன். இனிமே என் வண்டி உங்க கைக்குத்தான் வரும். நாளைக்கே ஆத்துக்கு வந்து எடுத்துண்டு போங்கோ, ஃபுல் சர்வீஸ் பண்ணிக் குடுத்துடுங்கோ."

ஊரைக் கூட்டி அறைந்துவிட்டு, தனியாகக் கூப்பிட்டுத் தடவிக்கொடுக்க வந்திருக்கிறார். இருந்தாலும் சொல்கிறேன், மேடம், அந்த நேரத்தில் நான் ஒன்றும் நினைக்கவில்லை. வயசான மனிதர், தேடி வந்திருக்கிறார், போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆட்டோவில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார். சிரித்தபடியே சொன்னார்.

"கழட்டற பழைய பார்ட்டெல்லாம் டிக்கில போட்டுடுங்கோ, என்ன? தப்பா நெனச்சுக்காதீங்கோ. பழக்க தோஷம்."

நான் சரி சார் என்றேன். அவர் போனதும் டிராயரைத் திறந்தேன்.

வேலையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆயில் மாற்றினேன். பிளக், ஃபில்டர், எல்லாம் புதுசு. பிரேக்கை நானே ஓட்டிப் பார்த்துச் சரிசெய்தேன். கடைசியாக லாவண்யா ஒரு வருஷத்துக்கு முன் போட்ட நல்ல சென்சாரைக் கழற்றிவிட்டு, டிராயரில் இருந்ததை மாட்டினேன். அவருடைய பழைய பார்ட். அதைத்தானே கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடையதை அவருக்கே சேர்த்துவிட்டேன். நல்ல சென்சாரை, பழைய பிளக்குகளோடும் ஃபில்டரோடும் ஒரு பாலிதீன் கவரில் கட்டி டிக்கியில் வைத்தேன். பிரித்துப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். வண்டியைக் கொண்டுபோய் விட்டபோது டிக்கியைத் திறந்து கவரைப் பார்த்தார், திருப்தியாக மூடினார்.

நான் நினைத்தது இதுதான், அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் நடுரோட்டில் நிற்க வேண்டும். பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடிக்க வேண்டும். யாராவது ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடிக்க வேண்டும். ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம் என்று அவர் கெஞ்ச வேண்டும். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. வண்டி அடையாறு பாலத்தின் மேல் அணைந்தது. ஓட்டியது ஸஹானா. செய்ய வேண்டியதை எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறாள். நாலு விளக்கையும் மினுக்க விட்டிருக்கிறாள். நாலைந்து தடவை சாவியைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். கிளம்பவில்லை என்றதும் இறங்கி, பின்னால் வைப்பதற்காகச் சிவப்பு முக்கோணத்தை எடுக்க டிக்கியைத் திறந்திருக்கிறாள். முக்கோணம் அடியில் இருக்கும். நான் கட்டி வைத்த கவரை நகர்த்தாமல் அதை எடுக்க முடியாது. அவள் குனிந்திருந்தபோதுதான் தண்ணீர் லாரி வந்தது.

வண்டியை உங்கள் ஆட்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். அடி பின்பக்கத்தில்தான், மறுநாள் சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே கிளம்பியது. ஆறிவிட்டது அல்லவா. இன்ஜினில் பழுது இல்லை, அந்தப் பெண் பாலத்தின் நடுவில் எதற்கோ நிறுத்தியிருக்கிறாள் என்று முடிவாயிற்று. போன் பேச நிறுத்தினாள் என்று யாரோ எழுதினார்கள். பொம்பளைப் பிள்ளை கையில் வண்டியைக் கொடுத்தால் இதுதான் நடக்கும் என்று எழுதினார்கள். அதே குரூப், அதே ஆட்கள். பரத்வாஜ் அதை எல்லாம் படித்திருப்பார். நானும் ஒன்று விடாமல் படித்தேன். உள்ளதைச் சொன்னால் என்ன, அன்று ராத்திரி எனக்குச் சோறு நன்றாக இறங்கியது. ஒரு வருஷமாக இறங்காத சோறு.

லாவண்யாவும் படித்திருக்கிறாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. கடை விட்டு வந்தவள் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

"ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆச்சாம்பா. அவங்க மேலதான் தப்புன்னு எழுதுறாங்க."

"போலீஸே சொல்லிட்டாங்களேம்மா."

"சூட்டுல நின்னுருக்கு. ஆறினதும் கிளம்பியிருக்கு." அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனாள். "அது எனக்குத் தெரிஞ்ச கோளாறுப்பா."

சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். ஒரு வருஷம் கழித்து அவள் அந்த ஷட்டரைத் தூக்கினாள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நேரே மேஜைக்குப் போய் டிராயரை இழுத்தாள்.

"இதுல இருந்தது எங்கப்பா?"

"அவர் பொருளு. அவர்கிட்டயே குடுத்துட்டேன்."

அவள் காலி டிராயருக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "அந்த அக்கா உங்கள என்னப்பா பண்ணாங்க?"

"நீ அவரை என்ன பண்ணின?" என்றேன்.

அவள் டிராயரைத் தள்ளி மூடினாள். நான் கேட்டது நியாயமான கேள்விதான் என்று இப்போதும் நினைக்கிறேன். வெளியே போய் பஸ் ஏறினாள். நேரே உங்களிடம் வந்திருக்கிறாள். செத்துப்போன பெண் மேல் தப்பில்லை என்று சொல்லத்தான் வந்தேன் என்றாளாமே, நீங்கள்தான் சொன்னீர்கள். இருக்கட்டும். வண்டியைத் தொடவில்லை, பானெட்டைத் திறக்கவில்லை, கையில் ஸ்கேனர் இல்லை. போனில் வந்த நாலு வரியைப் படித்தே கோளாறைப் பிடித்துவிட்டாள். மேடம், பத்திரிகைக்காரர்கள் வந்தால் இதைக் கண்டுபிடித்தது லாவண்யா ஆட்டோ ஒர்க்ஸ் லாவண்யா என்று முழுப் பெயரும் சொல்லுங்கள். எனக்கு நீங்கள் செய்ய வேண்டியது அது ஒன்றுதான். அந்தப் பெயர் அந்தக் குரூப்பில் எல்லாம் மறுபடியும் போக வேண்டும். என்னை உள்ளே கூட்டி வந்தபோது அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். பரவாயில்லை. அவளுக்காகத்தான் செய்தேன் என்று ஒருநாள் அவளுக்குப் புரியும்.

நீங்கள் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்கிறீர்கள். வண்டியை ஸஹானா ஓட்டுவாள் என்று தெரியுமா, தெரியாதா என்று. நானும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், என் கோபம் பரத்வாஜ் மேல் மட்டும்தான். அந்தப் பெண்ணை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வஞ்சம் வைத்து வேலை செய்கிறவனாக இருந்தால் மற்ற வேலைகளில் அலட்சியம் காட்டியிருப்பேன் இல்லையா? எங்கள் ஷெட்டில் வாடிக்கைக்காரர் வண்டியை எப்படி எடுத்தோமோ அப்படியே திருப்பித் தருவோம். பரத்வாஜ் ஆறடி ஆள். ஆனால் அவர் வீட்டு வாசலில் நான் வண்டியில் ஏறியபோது சீட் ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் கிடந்தது. முழங்கால் இடித்ததால் பின்னால் தள்ளித்தான் உட்கார்ந்தேன். வேலை முடித்துக் கொண்டுபோய் விட்டபோது, இறங்குவதற்கு முன்னால் ஞாபகமாக அதைத் திரும்ப முன்னுக்கு நகர்த்தி வைத்தேன், மேடம். அந்தப் பெண்ணுக்குக் கால் எட்ட வேண்டும் அல்லவா.